பதினாலாவது நிமிடத்தில் கரண்ட் போகிறது

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பதிவு.
யாரோ பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நின்று
நோக்கியாவில் எடுத்தது.
முதல் ஆறு விநாடி ஒரு குழந்தை அழுகிறது,
அப்புறம் லம்பர்ட்.

தங்கச்சிமடத்தில் லம்பர்ட்டைத் தெரியாதவன்
தடைக்காலத்தில் பிறந்து
தடை முடிவதற்குள் ஊரைவிட்டுப் போனவனாக இருக்கும்.

சினிமாப் பாட்டுத்தான் வாசிப்பார்.
பல்லவி முடியும், இடையிசை வரும்,
வந்த இடையிசை போகாது.
பாடகர் மைக்கை வைத்துவிட்டு இறங்கி
முக்குக்கடையில் ரெண்டு பரோட்டா தின்று
கைகழுவி வந்து நிற்பார்.
லம்பர்ட் அப்போதுதான்
சரணத்தின் வாசலுக்கு வந்திருப்பார்,
உள்ளே போகலாமா வேண்டாமா என்று.

உச்சிப்புளி வளைவில் ஒரு மீன்வண்டி.
அதைப்பற்றி இதில் வேறொன்றும் இல்லை.

டிரம்ஸ் சீனி இபுராம்சா, அன்றும் அவன்தான்,
பகலில் ஐஸ் கம்பெனி.
கீபோர்டு களஞ்சியம், தேவிபட்டினத்திலிருந்து
ரெண்டு பஸ் மாறி வருகிறவன்.
பேஸ் நான். பதிவு நடந்த இரவில்
அக்காள் கல்யாணத்தில் இலை எடுத்துக்கொண்டிருந்தேன்.
பாடகர் அதே பாடகர், பரோட்டாவும் அதே கடை.
லம்பர்ட்டின் இடத்தில் ரொசாரி,
மண்டபம் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவள்,
அவரை ஒருநாளும் பார்க்காதவள்.
நரம்பைத் தேடிப் பிடிக்கும் விரல்,
எந்த நரம்பானால் என்ன என்கிறாள்.

நோட்டுப் போட்டு எழுதிவைத்திருக்கிறாள்:
ஒன்பதாவது நிமிடம், பிசிறு. வேண்டும்.
பதினொன்று, மூன்றாம் கம்பி சற்றே இறங்குகிறது,
உப்புக்காற்றின் வேலை. அதுவும் வேண்டும்.
தும்மலை மட்டும் விட்டுவிடலாமா
என்றான் களஞ்சியம்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

பதினாலாவது நிமிடத்தில் கரண்ட் போகிறது.
கூட்டம் ஓவென்கிறது.
இபுராம்சாவின் அடி மட்டும் இருட்டில் நடக்கிறது.
விசில், சவுக்குத் தோப்பில் காற்று,
ஜெனரேட்டருக்கு டீசல் கேட்டு
யாரோ யாரையோ வைகிறார்கள்.
நான்கு நிமிடம்.
கரண்ட் வரும்போது லம்பர்ட் வேறெங்கோ இருக்கிறார்,
பாம்பனில் விட்டவரைத்
தனுஷ்கோடியில் பார்த்தமாதிரி.
எந்த வழியாகப் போனார்?
இபுராம்சா சத்தியம் செய்கிறான்:
"கம்பி மேல நகம் போற சத்தம் கேட்டுச்சு மாப்ள,
என்ன வாசிச்சாருன்னு கேக்கல."

மூன்று வருடமாக அந்த நான்கு நிமிடத்துக்கு
மெயினை அணைத்துவிட்டு நிற்கிறோம்.
ரசிகர்களுக்கு அதுதான் உயிர்.
செல்போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்து
முன்வரிசை மூக்கைச் சிந்தும்.
ரொசாரி கையைக் கட்டிக்கொண்டு எண்ணுவாள்,
இருநூற்று நாற்பது வரை.
பிறகு நேரே தனுஷ்கோடியில் போய்க் குதிப்போம்.

இந்த வருடம் காற்று அதிகம்.
பாலத்துக்கு அந்தப் பக்கம்
ரயிலை நிறுத்திவைத்திருந்தார்கள்.
பதினாலாவது நிமிடம். மெயினை அணைத்தேன்.
ரொசாரி கையைக் கட்டவில்லை.

பக்கத்தில் நிற்பவனுக்கு மட்டும் கேட்கும் அளவு,
தகரத்தில் மணல் விழுகிற அளவு
வாசித்துக்கொண்டிருந்தாள்.
முதலில் லம்பர்ட் மாதிரி.
பிறகு லம்பர்ட்டுக்குக் கோபம் வருகிற மாதிரி.
பிறகு நான் மாதிரி தேடுவதை விட்டுவிட்டேன்.
என் விரலும் அவளோடு போயிற்று,
எனக்கே கேட்காமல்.

கீழே எல்லோரும்
மௌன அஞ்சலியில் நின்றார்கள்.

விளக்கு வந்ததும்
அவள் தனுஷ்கோடியில் இல்லை.
களஞ்சியம் என்னைப் பார்த்தான், நான் இபுராம்சாவை,
அவன் அடித்துக்கொண்டே உதட்டைப் பிதுக்கினான்.
பதிவை மனப்பாடமாய் வைத்திருக்கிற ஐந்தாறு பேர்
தப்பு, தப்பு என்று கத்தினார்கள்.
சரணம் எந்தப் பக்கம் என்று
எங்களில் யாருக்கும் தெரியவில்லை.
பாடகர் இன்னும் கைகழுவவில்லை.

மேடையைப் பிரிக்கையில் இபுராம்சா கேட்டான்,
இருட்டில் அவள் என்னதான் வாசித்தாள் என்று.

நகம் போற சத்தம் கேட்டுச்சு, என்றேன்.
என்ன வாசிச்சான்னு கேக்கல.

கொஞ்சநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு குனிந்து
ஸ்டாண்டின் திருகைக் கழற்ற ஆரம்பித்தான்.